எட்டாயிரத்துக்கு மேலே

பிப்ரவரி 3

அக்கா,

பென் டிரைவ் வந்து சேர்ந்தது. உறையை யாரும் பிரிக்கவில்லை, டேப்பின் மேல் நீ போட்ட கையெழுத்து அப்படியே இருக்கிறது. சரி.

மூன்றாவது பாட்டைக் கேட்டேன். உன் வெட்டு குலுக்கிச் சலசலக்கும் ஷேக்கர் மேல் விழுந்திருக்கிறது. முதல் பாட்டில் ஊசிக் கீறல், இரண்டாவதில் ஹைஹாட் தாளத்தட்டு, இப்போது இது. ஆளுக்கு ஒரு வெட்டு, காரணம் கேட்கக் கூடாது. நான் போட்ட விதிதான், மறக்கவில்லை. முதல் ஆல்பத்தில் ஒரு புல்லாங்குழலை வைத்துக்கொண்டு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டோமே, அதற்குப் பிறகு வந்த விதி. ஒவ்வொரு பாட்டிலும் நீ ஒன்றை எடுக்கலாம், நான் ஒன்றை எடுக்கலாம், மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறக்கவில்லை. ஆனால் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துகொள்.

ஊசிக் கீறலை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன ட்ரிப் ஹாப்? மெதுவான தாளம், அடிவயிற்றில் விழும் பேஸ், பழைய இசைத்தட்டில் ஊசி ஓடுகிற சத்தம், நடுவே தூக்கத்தில் பேசுவது போல உன் குரல். இதுதான் 'ஈரத்துணி'. அப்பா நம் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, "என்னடா இது, ஈரத்துணிய தரையில இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு" என்றார். நாம் அதையே பெயராக வைத்துக்கொண்டோம். அந்தத் துணியை நீ இப்போது பிழிந்து காயப்போடுகிறாய்.

இது கடைசி ஆல்பம் என்று சொல்லிவிட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஏப்ரல் முடிவதற்குள் நாம் இருவரும் கையெழுத்துப் போட்டு குரலும் இசையும் அளவாகச் சேர்த்த முழு மிக்ஸையும் கொடுக்காவிட்டால் ஆல்பத்தை வெளியிடும் கம்பெனி தன் ஆளை வைத்து மிக்ஸ் செய்துகொள்ளும். ஒப்பந்தம் அப்படி. நம் கடைசி ஆல்பத்தில் எவனோ ஒருவன் கை வைப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. மிக்ஸ் என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஒரு கேள்வி. மாமாவோடு ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்து போகிறார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு நம் பாட்டைப் போட்டுக் காட்டினாயா? ஆம் அல்லது இல்லை என்று எழுது. வேறெதுவும் வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 11

மீட்டருக்கு,

இல்லை. எழுதிவிட்டேன். எதையும் மீட்டர் வைத்து அளக்காமல் ஒத்துக்கொள்ளாதவன், நம்பவா போகிறாய்?

போன ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே இணையத்தில் ஓடியது. நீ என்னைச் சந்தேகப்பட்டாய், நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், அதிலிருந்து பென் டிரைவும் கூரியரும். போனில் பேசினால் யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம், அதனால் கடிதம். இந்தக் காலத்தில் அக்காவும் தம்பியும் இப்படிக் கடிதம் எழுதிக்கொள்வதைப் பார்த்து கூரியர் ஆள், "ஏதாவது சொத்துக் கேஸாம்மா?" என்று கேட்டார். அந்த அளவுக்கு நாம் வளர்ந்திருக்கிறோம்.

என் வெட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீ, உன் வெட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இரண்டாவது பாட்டிலும் மூன்றாவதிலும் நீ எடுத்தது என் இரண்டாவது குரலை. அடியில் மெல்லியதாக நான் எனக்கே சேர்த்துப் பாடியிருந்தேன். போய்விட்டது. காரணம் கேட்கக் கூடாது, கேட்கவில்லை. மிச்சமிருக்கிற ஒரு குரலாவது தெரிகிறதா என்றால், அதன் மேல் கண்ணாடித் தூளைக் கொட்டி அனுப்புகிறாய். நான் பாடியதை நானே தேட வேண்டியிருக்கிறது. நான் விலகுகிறேன் என்று சொன்ன பிறகு இது இன்னும் அதிகமாகியிருக்கிறது. தற்செயல் என்று நினைக்கச் சொல்கிறாயா?

நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையில் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உன் பாட்டைப் போடுகிறேன். எதுவும் தெளிவாக இல்லை. நீ என்ன செய்கிறாய் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

நாலாவது பாட்டு இத்துடன் வருகிறது. என் வெட்டையும் போட்டுவிட்டேன்.

அக்கா

டேப்பில் இந்த முறை இரண்டு கையெழுத்து போட்டிருக்கிறேன். உன் நிம்மதிக்கு.


பிப்ரவரி 19

அக்கா,

நாலாவது பாட்டில் உன் வெட்டு உன் குரலின் மேலேயே விழுந்திருக்கிறது. நீ 'ச' சொல்லும்போதும் 'ஸ' சொல்லும்போதும் பல்லிடுக்கில் காற்று தெரிய வேண்டும் என்று நான் ஏற்றிவைத்த கூர்மையை எடுத்துவிட்டாய்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தது வீணில்லை. நாலு வெட்டையும் கம்ப்யூட்டரில் போட்டு அளந்தேன். கேள். நீ வெட்டியவை நாலு வேறு வேறு சத்தங்கள் என்று நினைத்தேன். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது பாட்டின் உச்சாணியில். கீழே ஒன்றைக்கூட நீ தொடவில்லை. பாடுகிறவர்கள் இப்படி வெட்ட மாட்டார்கள். "அந்த டிரம் எனக்குப் பிடிக்கல" என்பார்கள், போய்விடுவார்கள். இது விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விரலைக் காட்டச் செய்தது.

எதற்கு என்றும் எனக்குத் தெரியும். உச்சியில் இருப்பதெல்லாம் நான் செய்தது. அதைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பாடகியும் பின்னணி இசையும். தனி ஆல்பத்துக்கு நல்ல ஒத்திகை. ஸ்டூடியோக்காரருக்கு என் வணக்கம் சொல்.

இங்கே வேலையிலும் இதே கதைதான். நான் ஓட்டிப் பார்த்து பாஸ் செய்து அனுப்பிய ஒரு ஜெனரேட்டர் திரும்பி வந்திருக்கிறது. ஓடும்போது விசிலடிக்கிறதாம். முழு லோடில் ஓட்டி, பக்கத்திலேயே நின்று கேட்டவன் நான். விசிலும் இல்லை, ஒன்றும் இல்லை. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "பாஸ் பண்றப்ப எங்க பாத்துட்டு இருந்தீங்க?" என்கிறார். லாரியில் ஏற்றும்போது எங்கேயாவது இடித்துவிட்டு என் தலையில் கட்டுகிறார்கள். என்னைப் பிடிக்காதவர்கள் ஒரே சமயத்தில் எல்லா ஊரிலும் கூட்டம் போட்டிருக்கிறீர்கள் போல.

ஐந்தாவது பாட்டு இத்துடன். இதில் கீறலைத் தூக்கியே வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக என் ஹெட்போனில் கீறல் முன்பு போல் எழும்புவதில்லை. வேறு வாங்கினேன், அதுவும் அப்படித்தான். இப்போது செய்கிற சாமான் எல்லாம் மட்டம். அதனால் எனக்குச் சரியாகக் கேட்கும்வரை ஏற்றினேன். வழக்கம்போல ஸ்கிரீனை அணைத்துவிட்டு, காதை மட்டும் நம்பிச் செய்த மிக்ஸ்.

இதை வெட்டு பார்க்கலாம்.

தம்பி


பிப்ரவரி 27

மீட்டருக்கு,

ஐந்தாவது பாட்டை ஸ்பீக்கரில் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே படுத்திருந்த பக்கத்து வீட்டு நாய் எழுந்து தெருவின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. உன் மாமா டீக் கோப்பையோடு வாசலில் நின்றபடி, "உன் தம்பிக்கு நம்ம மேல அப்படி என்ன கோவம்?" என்றார்.

"என் மேலதான். உங்க மேல இல்ல."

"அப்ப என்னை எதுக்கு சேத்து அடிக்கிறான்?"

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

நன்றாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். இதைக் காதால் கேட்டு ஒருவன் செய்திருக்க முடியாது. கேட்டிருந்தால் கை கூசியிருக்கும். காதை மட்டும் நம்பினேன் என்கிறாய். எனக்கு இரண்டு வழிதான் தெரிகிறது. ஒன்று, நீ கேட்காமலேயே செய்கிறாய். வேறு யாரிடமோ தள்ளிவிட்டு என்னிடம் காதைப் பற்றிப் பெருமை பேசுகிறாய். அல்லது கேட்டுக்கொண்டே, என் குரல் கிழியட்டும் என்றே செய்கிறாய். இரண்டாவது என்றால் உன்னிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை. கம்பெனி ஆளே மிக்ஸ் செய்துகொள்ளட்டும், அவனுக்காவது என் மேல் பகை இல்லை.

முதலாவதா என்று பார்த்துவிடுகிறேன். ஆறாவது பாட்டுக்கு என் குரல் இதில் இருக்கிறது. தாளம், பேஸ் எதையும் சேர்க்காதே. வெறும் குரலை ஒரு முறை முழுதாகக் கேள். என்ன கேட்டது, எது நன்றாயிருக்கிறது, எது இல்லை, வரி வரியாக எழுது. பூசி மெழுகாதே. மெழுகினால் நீ கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

எனக்குப் பரீட்சை வைக்கிறாய். சரி, எழுதுகிறேன்.

முதல் வரியை மூச்சு முடியும் இடத்தில் ஆரம்பித்திருக்கிறாய். தெரிந்து செய்தாயா என்று தெரியவில்லை, நன்றாயிருக்கிறது. மூன்றாவது வரியில் 'திரும்பி' என்ற வார்த்தையைப் பாதி விழுங்கிவிட்டாய், ஆனால் திரும்பப் பாட வேண்டாம், அது விழுங்கப்பட வேண்டிய வார்த்தைதான். இரண்டாவது சரணத்துக்கு முன்பு நீ நாற்காலியை நகர்த்தியிருக்கிறாய், மரக்கால் தரையில் உரசுகிறது. மைக்குக்கு மிக அருகில் நின்று பாடியிருக்கிறாய், கீழ் ஸ்வரங்கள் திரண்டு வருகின்றன, அதை நான் குறைத்துக்கொள்வேன். கடைசி வரிக்கு முன்னால் ஒரு முறை எச்சில் விழுங்கினாய். அங்கே நீ அழுகிறாயோ என்று நினைத்தேன். இல்லை என்றால் எழுது.

இந்த ஆல்பத்தில் நீ பாடியதில் இதுதான் சிறந்தது. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நீ பூசி மெழுகாதே என்றாய்.

இப்போது என் சந்தேகம். பதிவு இத்தனை சுத்தமாக எப்படி வந்தது? உன் வீட்டில் எப்போதும் தெருச் சத்தம் கசியும், ஃபேன் ஓடும், மாமா எங்கேயாவது கதவைச் சாத்துவார். இதில் உன் குரலைத் தவிர ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. இவ்வளவு அமைதியான அறை உனக்கு எங்கே கிடைத்தது? ஸ்டூடியோக்காரரின் அறைதானே?

தம்பி


மார்ச் 10

டேய்,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

ஆறாவது பாட்டில் ஒரு விசில் இருக்கிறது. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை, நடுவில் நிற்காமல். நான் பாடி முடித்த பிறகு உன் மாமா அவர் கம்ப்யூட்டரில் சேர்த்துக் கொடுத்தார். பத்தாயிரம் ஹெர்ட்ஸ் என்றார். அதைக் கேட்டால் எனக்குப் பல் கூசுகிறது. அவர் என்னைவிட எட்டு வயது பெரியவர், அவருக்கும் கேட்கிறது.

உன்னைப் பிடிப்பதற்கு வைத்த பொறி அது. கேட்டிருந்தால், "இது யார் வேலை?" என்று கத்தி எழுதுவாய். கேட்காமல் விட்டிருந்தால் பொத்தாம்பொதுவாக நாலு வரி எழுதுவாய். இரண்டுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. நீ நாற்காலி உரசியதை எழுதியிருக்கிறாய். நான் வார்த்தையை விழுங்கியதை எழுதியிருக்கிறாய். நான் எச்சில் விழுங்கியது வரை கேட்டிருக்கிறாய். என் பாட்டை இத்தனை கவனமாக இதுவரை யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டுவிட்டு, அமைதியான அறை என்கிறாய்.

நாங்கள் பதிவு செய்தது படுக்கையறையில்தான். தெருவும் ஃபேனும் அதில் இருக்கின்றன. அந்த இரைச்சலின் மேல்பாதி உனக்குக் கேட்கவில்லை, கீழ்ப்பாதியை உன் மாமா முன்பே குறைத்துவிட்டார்.

கடைக்கு வருகிறவர்கள் யாரும் என் கண் மங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. இப்போதெல்லாம் எழுத்தைச் சின்னதாக அச்சடிக்கிறார்கள் என்பார்கள். வீட்டில் பல்பு மட்டம் என்பார்கள். நீ ஹெட்போன் மட்டம் என்று எழுதியிருந்தாய். அந்த வரியிலேயே நான் உன்னைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் இதைக் கேட்கிறவள் நான். கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

நான் வெட்டியதெல்லாம் எனக்குத் தாங்க முடியாமல் குத்தியவை, அவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டிலும் எது அதிகம் குத்துகிறதோ அதை எடுத்தேன். காரணம் கேட்கக் கூடாது என்ற விதி இருந்ததால் நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் முதல் பாட்டிலேயே தெரிந்திருக்கும்.

ஸ்கிரீனைப் போட்டுப் பார். கோடு தெரியும். பார்த்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அப்புறம் ஒரு காது டாக்டரைப் பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 14

அக்கா,

கோடு இருக்கிறது. பத்தாயிரத்தில், அளவுகோல் வைத்துப் போட்டது போல. இருப்பதை இல்லை என்று சொல்ல நான் முட்டாள் இல்லை.

ஆனால் ஒரு கோடு இருப்பதால் நீ சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. எவ்வளவு சத்தத்தில் வைத்தீர்கள் என்று நீ எழுதவில்லை. என் ஹெட்போனால் பத்தாயிரத்தைக் காட்ட முடியாமல் இருக்கலாம். மூன்றாவது ஹெட்போன் வாங்கியிருக்கிறேன். அதிலும் வரவில்லை. அதுவும் பழுதாக இருக்கலாம்.

இதனால் யாருக்கு லாபம் என்று யோசிக்கிறேன். பாவம் தம்பி, காது போய்விட்டது, மிக்ஸை அவனிடம் விட முடியாது. நல்லவேளை, தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். கம்பெனிக்கும் சொல்லிவிடலாம். யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது, எல்லாரும் உனக்காகப் பரிதாபப்படுவார்கள். அழகாகப் போட்டிருக்கிறாய்.

எனக்குப் பொறி வைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் நாலு பக்கம் கணக்குப் போட்டு நேராகக் குற்றம் சாட்டினேன். நீ என் பாட்டுக்குள் ஒரு விசிலை ஒளித்துவைத்து அனுப்பினாய். நான் உன் குரலை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது அது முழுக்க என் காதில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் இந்த ஆல்பத்தில் சிறந்தது என்று எழுதினேன்.

இனி பென் டிரைவ் அனுப்பாதே. கம்பெனிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தம்பி


மார்ச் 20

மீட்டருக்கு,

உன் ஸ்டூடியோக்காரர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் என் கடையில் இரண்டு பவர் சேர்ந்த கண்ணாடி போட்டார். பழகவில்லை. கடையில் சொல்லித் தீரவில்லை என்று உன் மாமாவைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "படி எறங்குனா தரை மேல வருதும்மா" என்பதுதான் அவர் என்னிடம் பேசியது. மூன்று முறை வந்தார், மூன்று முறையும் தரைதான் மேலே வந்தது. அவருக்கு ஈரத்துணி என்றால் கொடியில் தொங்குவதுதான் தெரியும். போதுமா?

பொறி வைத்தது தப்பு. மன்னிப்பு கேட்கிறேன், நீ கொடுக்க மாட்டாய், பரவாயில்லை.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இது கடைசி ஆல்பம் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? போன ஆல்பத்திலிருந்தே நீ என்னைப் புதைக்கிறாய் என்று நினைத்தேன். மேடையில் யாராவது உன் தாளத்தைப் பாராட்டினால் எனக்கு உள்ளே எரிந்தது. தம்பி மேல் பொறாமைப்படுகிற அக்காவாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் விலகினேன். இப்போது அந்தக் காரணம் போய்விட்டது. ஆனாலும் முடிவை மாற்றவில்லை. இந்த இடைவெளியில் சாயங்காலத்தில் சும்மா இருந்து பழகிவிட்டேன், அது எனக்குப் பிடித்திருக்கிறது. உன் காதுக்காக இரக்கப்பட்டு இன்னும் ஒரு ஆல்பம் என்று நான் சொன்னால், நீயே அதைக் கிழித்துப் போடுவாய். இது கடைசிதான்.

கடைசி என்பதால்தான் கேட்கிறேன். நம் இருவரில் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அவன் உன் கீறலையும் எடுப்பான், என் மூச்சையும் எடுப்பான், கடைக்குக் கடை ஒலிக்கிற மாதிரி ஒன்றைச் செய்து மேலே நம் பெயரைப் போடுவான். அப்படி முடிவதற்கா இத்தனை வருஷம்?

மிக்ஸ் உன்னுடையது. நான் வேறு யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. உன் காதைப் பற்றி யாரிடமும் சொல்லப் போவதில்லை. நம்புவதும் நம்பாததும் உன் பாடு.

அக்கா


மார்ச் 30

அக்கா,

டாக்டரிடம் முதலில் போகவில்லை. திரும்பி வந்த அந்த ஜெனரேட்டரிடம் போனேன். டெஸ்டிங் கொட்டகையில் அது ஓரமாக நின்றது. ஓட்டினேன். எனக்கு எப்போதும் போல உறுமியது, வேறு ஒன்றும் இல்லை. பேனல் வயரிங் செய்கிற பெண் அந்த வழியாகப் போனார். கூப்பிட்டேன்.

"ஏதாவது கேக்குதா?"

"விசிலடிக்குது சார். உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்குது. நீங்க போங்க" என்றேன்.

அவர் போன பிறகு பேரிங் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது. பேரிங் போய்விட்டது. சத்தத்தை வைத்தே எந்த பேரிங் என்று சொல்கிறவன் என்று இங்கே எனக்குப் பெயர். அதற்காகத்தான் காதுக் கவசத்தைக் காதில் போடாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பேன். மெஷின் பேசுவது கேட்க வேண்டுமே.

பிறகு டாக்டர். ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை, மெஷின் பழுது என்று நினைத்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். சோதனை செய்த பெண் திருகியை முழுசாக ஏற்றிவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் கோடு பாதி வரை நேராக வருகிறது, பிறகு படியில் உருண்டதைப் போல விழுகிறது. இரண்டு காதும் ஒரே மாதிரி. "போனது வராது, இருக்கிறத காப்பாத்திக்கங்க" என்றார் டாக்டர். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் நன்றாகப் பதில் சொன்னார். எதுவும் எனக்குச் சாதகமாக இல்லை.

சூப்பர்வைசரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பிடிக்காதவர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. எரிச்சலாக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். மிக்ஸை நான் தனியாகச் செய்ய முடியாது. ஸ்கிரீனைப் பார்த்துச் செய்யலாம், அளவெல்லாம் சரியாக வரும், பாட்டு வராது. நீ இங்கே வா. என் பக்கத்தில் உட்கார். எட்டாயிரத்துக்குக் கீழே நான் சொல்வதுதான். அதற்கு மேலே நீ சொல், நான் திருகுகிறேன். வெட்டுகிற விதியை எடுத்துவிடுவோம். காரணம் கேட்பேன், நீ சொல்ல வேண்டும். நீயும் கேள்.

இதில் எனக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. மேலே நீ பொய் சொன்னால் எனக்குத் தெரியாது. என் பங்கை முழுக்கத் துடைத்துவிட்டு, எல்லாம் இருக்கிறது என்று நீ சொல்லலாம். இந்த நினைப்பை நிறுத்த முயன்றேன், முடியவில்லை. இதோடு சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன். வா.

தம்பி


ஏப்ரல் 3

டேய்,

பதினோராம் தேதி காலையில் வருகிறேன். கடையில் லீவு சொல்லிவிட்டேன். உன் மாமா வரவில்லை, அவருக்கு உன் ஐந்தாவது பாட்டின் பயம் இன்னும் தெளியவில்லை.

ஐந்தாவது பாட்டை அடியிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும். அதைத் தவிர மற்றதில் நான் எடுத்ததெல்லாம் திரும்ப உள்ளே வரட்டும், சரியான அளவில் வைத்துப் பார்ப்போம். நீ எடுத்த என் இரண்டாவது குரலும் வர வேண்டும். அதை ஏன் எடுத்தாய் என்று கேட்பேன். பதிலை இப்போதே யோசித்து வை, வந்த பிறகு தலையைச் சொறியாதே.

நான் பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதலாம். எழுதினால் நம்புவாயா? அதனால் எழுதவில்லை.

அறையைப் பெருக்கி வை. போன முறை நாற்காலியில் இருந்த சட்டைகள் இப்போதும் அங்கேயேதான் இருக்கும்.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

கம்பெனி பெற்றுக்கொண்டது. இரண்டு கையெழுத்தும் இருக்கிறது. அவர்கள் ஆளுக்கு இனி வேலை இல்லை.

என்னை டெஸ்டிங்கிலிருந்து பேனல் வயரிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அன்று விசில் கேட்ட அந்தப் பெண்தான் சொல்லிக்கொடுக்கிறார். பொறுமை இல்லாதவர், எனக்கு ஒத்துப்போகிறது. கொட்டகையைத் தாண்டும்போது கவசத்தைக் காதிலேயே போட்டுக்கொள்கிறேன்.

ஆல்பத்தை நேற்று முழுதாகக் கேட்டேன். எனக்கு வருகிற பாதி நன்றாயிருக்கிறது. மீதிப் பாதிக்கு நீ கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும், இன்னும், போதும்டா" என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஷேக்கரைத் திரும்ப வைத்தபோது, வைத்ததும் எனக்குத் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. உன் முகம் சுருங்குகிறதா என்று பார்த்துத்தான் திருகினேன். ஒரு மிக்ஸை அப்படிச் செய்யலாம் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நீயும் நியாயமாக நடந்துகொண்டாய். நீ வெட்டிய கீறல் திரும்ப வேண்டும் என்று உன்னோடு நீயே சண்டை போட்டதை நான் மறுக்கவில்லை. இரண்டாவது குரலை ஏன் எடுத்தேன் என்று நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் உண்மைதான். நீ என் கீறலை எடுத்தாய், அதனால் எடுத்தேன். அதைவிட நல்ல காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஏழாவது பாட்டின்போது நான் டீ போடப் போனேன். நீ தனியாக இருந்தாய். நான் கோப்பைகளோடு உள்ளே வந்ததும், எதுவும் கேட்பதற்கு முன்பே, "நான் ஒண்ணையும் தொடல" என்றாய்.

உன் குரலை நீயே கொஞ்சம் ஏற்றிவிட்டாய் என்று எனக்குச் சந்தேகம். மேலே அல்ல, கீழே, என் பகுதியில். பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் வைத்து அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அளக்கவில்லை.

தம்பி